முப்பத்தோரு வருஷத்துப் பளபளப்பு

பன்னிரண்டாவது சொட்டில் நாணயத்தின் மேலிருந்த தண்ணீர் உடைந்து மேசையில் ஓடியது. முதல் பெஞ்சில் சொட்டு விட்டுக்கொண்டிருந்த பையன் டிராப்பரைப் பிடித்த கையை இறக்காமலே, டீச்சரான என் மகளைப் பார்த்தான். என் மகள் கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆய்வாளரைப் பார்த்தேன். அவர் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் தேதி மட்டும்தான் இருந்தது.

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. போன வெள்ளிக்கிழமை இதே பிள்ளைகள் இதே நாணயங்களில் சொட்டு விட்டு எழுதிய கணக்கு. ஆறு குழு, ஆறு எண். இருபத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தாறு, முப்பது, இருபத்தொன்பது, முப்பத்துமூன்று. ஒரு சின்ன நாணயத்தின் முகத்தில் அத்தனை சொட்டுத் தண்ணீரும் கூடி, குட்டி வழுக்கைத் தலை போல மேடாக எழும்பி, விழவா வேண்டாமா என்று நடுங்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் நடக்கிற காரியம் அது. புத்தகத்தில் அதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். அந்த அட்டையை ஆய்வாளர் உள்ளே வந்ததுமே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்திருந்தார். அதுதான் சங்கடம்.

அவர் அன்றைக்கு எழுதப்போகும் ஒரு வரியில் என் மகளுடைய வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கும், அல்லது இல்லாமல் போகும். வாரத்தில் நாலு நாள் அவளும் மற்றவர்களைப் போலக் கரும்பலகையோடு மல்லுக்கட்டுகிறவள்தான். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை மட்டும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு வாளித் தண்ணீரை நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். ஊசியை மிதக்க விடுவது, ஈர நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீரை நடத்திக் கூட்டிப்போவது, விளிம்புவரை நிரம்பிய குவளைக்குள் காகிதக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு எப்போது வழியும் என்று பந்தயம் கட்டுவது என்று ஆறு மாதமாக நடக்கிறது. இந்த ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைக்கும் வெள்ளிக்கிழமையில் காய்ச்சல் வரவில்லை.

தலைமையாசிரியை அம்மாவுக்கு இதில் மூன்று மனக்குறை. நோட்டு நிரம்பவில்லை. தரை ஈரமாகிறது. சத்தம் கேட்கிறது. "அவர் சரின்னு எழுதிட்டா நீ நடத்திக்கோம்மா, நான் குறுக்க வரல. இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து சாக்பீஸ், நோட்டு, அவ்வளவுதான். வாளி என் ரூமுக்கு வந்துடணும்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். இப்போது வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு, வாளியை எந்த மூலையில் வைக்கலாம் என்று யோசிக்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார்.

நான் அங்கே எதற்கு இருந்தேன் என்றால், சாமான் தூக்க. ஊரிலிருக்கிற பெரிய ஆண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் ஆய்வக உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உதவியாளன் என்பது காகிதத்தில். உண்மையில் கழுவுகிறவன். அமிலத்தைக் கழுவியிருக்கிறேன், காரத்தைக் கழுவியிருக்கிறேன், இரண்டையும் கலந்துவிட்டு ஓடிப்போன பையன்களின் மூஞ்சியையும் கழுவியிருக்கிறேன். என் கண்ணாடிச் சாமான்களின் பளபளப்பு ஊர் அறிந்தது. ஒருமுறை ஒரு சோதனைக் குழாயை அளவுக்கு மீறித் துலக்கிவிட்டேன். அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டு நாள் எல்லோரும் தேடினோம். மூன்றாம் நாள் அதன் மேல் தூசி படிந்த பிறகுதான் அகப்பட்டது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு 'அளப்பு' என்று பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்ததால் வந்த பெயர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு ஆறு வயது. அலமாரி உச்சியில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தினமும் நாற்காலி போட்டு ஏறி, விரலால் தடவிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் இறங்கி வந்து, "மூணு நாள் தூசி பத்தாதுப்பா. நீங்க பொய் சொல்றீங்க" என்றாள். இப்படி ஒன்றல்ல, இருநூறு இருக்கும். நான் எறும்பைப் பற்றிச் சொன்னால் அவள் சர்க்கரையோடு தோட்டத்துக்குப் போய்விடுவாள். அவள் படித்து ஆசிரியை ஆனபோது, அம்மாவின் மூளை என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் ஒரு பெண் தானே செய்து பார்க்காமல் எதையும் நம்பாதவளாக வளர வேண்டுமென்றால் வீட்டில் அதற்குத் தோதான ஒரு தகப்பன் வேண்டும். அந்தக் கடமையில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"முதல் குழு பன்னெண்டு" என்று சொல்லி என் மகள் கரும்பலகையில் எழுதினாள். "ரெண்டாவது குழு?"

"பதினொண்ணு டீச்சர்."

"மூணு?"

மூன்றாவது குழுவின் தலைவன் கொழுகொழு என்று இருப்பான். அவன் மேசையிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பையன் அதைச் சட்டைக் கையால் ஒற்றிக்கொண்டிருந்தான். தலைவன் ஆய்வாளரை ஒரு தடவை, அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, "இருபத்தெட்டு டீச்சர்!" என்றான்.

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் வாரிசு. இப்படி ஒருவன் இருக்கிற வகுப்பு உருப்பட்டுவிடும் என்று நினைத்தேன். இனி நாலாவது குழுவும் புரிந்துகொண்டு இருபத்தொன்பது என்று சொல்லும், அதை எழுதிப்போட்டால் தீர்ந்தது. நானாக இருந்தால் கைத்தட்டச் சொல்லியிருப்பேன்.

என் மகள் சாக்பீஸைக் கீழே இறக்கினாள். "நிஜமா எவ்வளவுடா?"

"இருபத்தி..."

"டேய். என்னைப் பாரு."

"பத்து" என்றான் அவன், அழுகிற குரலில். "நாங்க நல்லாத்தான் விட்டோம் டீச்சர். அதுதான் நிக்க மாட்டேங்குது."

"அழாத. பத்துன்னா பத்து." அவள் மற்ற எண்களைவிடப் பெரிதாகப் 'பத்து' என்று எழுதினாள். கடைசி பெஞ்சுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகும் ஒன்றும் தேறவில்லை. ஊசிகளைச் சின்னக் காகிதத் துண்டின் மேல் படுக்க வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். காகிதம் ஊறி இறங்கியது; போன வாரமெல்லாம் மேலேயே நின்ற ஊசி, கூடவே இறங்கிவிட்டது. ஆறு குவளையிலும் ஆறு ஊசி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. நிரம்பிய குவளை முப்பது கிளிப்பு தாங்கும் என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தாள். ஒன்பதில் வழிந்தது. வாசற்படியிலிருந்து தலைமையாசிரியை அம்மா, "அட்டையில எழுதினதெல்லாம் அப்படியே இருக்கு சார், தண்ணிதான் பாவம் மறந்துபோச்சு" என்றார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. எதையோ எழுதத் தொடங்கினார். அவர் பேனா நகர்ந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

என் மகளுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவள் செய்தது என்னவென்றால், கையைத் துடைத்துக்கொண்டு மேசை நுனியில் சாய்ந்து, ஏதோ திட்டம் போட்டு நடத்தியது போல, "சரி. போன வாரம் நின்னுது, இந்த வாரம் நிக்கல. என்ன மாறிப்போச்சு? கண்ணுல பட்டதச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

தண்ணி வேற, என்றான் ஒருவன். அதே குழாய்தான்டா, என்றான் இன்னொருவன். இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. சார் உக்காந்திருக்கார், கை நடுங்குது. எல்லாவற்றையும் அவள் பலகையில் எழுதினாள், சார் உட்கார்ந்திருப்பது உட்பட. ஜன்னலோரத்தில் ஒரு பெண் இருந்தாள். வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வரும் என்பதால் அவளுக்கு 'ஏன்' என்று பெயர். அவள் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "டீச்சர், இன்னிக்கு கிளாஸெல்லாம் ரொம்பப் பளபளன்னு இருக்கு. போன வாரம் இதுல விரல் ரேகை, கறையெல்லாம் இருந்துச்சு. ஏன்?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாராட்டு வந்தால் குளிரும். அது அடங்கி ஒரு மூச்சு விடுவதற்குள், அந்தப் பளபளப்பு எதனால் வந்தது என்பது நினைவுக்கு வந்தது.

முந்தின நாள் பிற்பகல் முழுக்க அந்தச் சாமான்களைக் கழுவியவன் நான். மகளுக்குப் பெரிய பரீட்சை; சாமான் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? குவளை, நாணயம், ஊசி, டிராப்பரின் உள்பக்கம்கூட. சோப்புப் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் என் தொழில் ரகசியம் ஒன்று உண்டு, அதையும் செய்தேன். ஒரு தொட்டித் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு மூடி கலந்து, எல்லாவற்றையும் அதில் ஒரு முக்கு முக்கி, துடைக்காமல் கவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். காய்ந்த பிறகு ஒரு புள்ளி கறை இருக்காது. முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் செய்தேன். தண்ணீர் நிற்காமல் ஓடுவதுதான் அதிலிருக்கிற நேர்த்தி. அன்றைக்கு என் மகளுக்கு வேண்டியிருந்ததோ, தண்ணீர் நிற்பது.

நான் எழுந்து நின்றேன். முழங்கால் சத்தம் போட்டது. "நான்தான் கெடுத்தேன்" என்றேன். "சோப்புத் தண்ணியில முக்கி வச்சேன். எல்லாத்தையும். அதோட படலம் ஒட்டிக்கிட்டு இருக்கு."

சொன்னது அத்தனையும் உண்மை. வயதானபின் அதுபோல ஒரு காரியத்தை முன்னறிவிப்பில்லாமல் செய்யக் கூடாது, உடம்பு உதறுகிறது. ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலைமையாசிரியை அம்மா, "உக்காருங்கய்யா" என்றார், இரக்கமாக. "பொண்ணு மேல பழி வரக் கூடாதுன்னு சொல்றார் சார். இவர் சொல்ற கதையெல்லாம் ஊருக்கே தெரியும். குழாய் காணாமப் போச்சுன்னு ஒண்ணு சொல்வார் பாருங்க..."

"நெசமாத்தாம்மா சொல்றேன்."

"அதையும் இப்படித்தான் சொன்னீங்க."

ஆயுசில் ஒரே ஒரு நாள் உண்மை பேசி, அதை நம்ப ஓர் ஆளும் அகப்படவில்லை. நான் என் மகளைப் பார்த்தேன். அவளாவது நம்புவாள் என்று.

"எங்கப்பா சொன்னத நான் ஆறு வயசுலேர்ந்து நம்பினதில்ல சார்" என்றாள் அவள், ஆய்வாளரிடம். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "தாத்தா சோப்புன்னு சொல்றார். சொன்னா ஆச்சா? அது நெசமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அடுத்த பத்து நிமிஷத்தை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன், ஒரு வார்த்தை கூட்டாமல். கூட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரே சம்பவம் என் வாழ்க்கையில் அதுதான். முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "சோப்புப் படாத நாணயம் வேணும்!" என்றான் ஒருவன். உடனே எல்லாத் தலையும் ஆய்வாளர் பக்கம் திரும்பியது. அவர் சட்டைப் பையைத் துழாவி அதே மாதிரி நாணயம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை வெறும் தண்ணீரில் அலசினார்கள். 'பத்து' என்று சொன்ன கொழுகொழுப் பையன் சொட்டு விட்டான். பன்னிரண்டைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது, பதினெட்டில் உடைந்தது.

"பாத்தீங்களா, தாத்தா சொன்னது நெசம்!" என்று ஒரு கூச்சல்.

"அவசரப்படாத" என்றாள் என் மகள். "இருபத்தெட்டு வரலையே. ஏன்?"

'ஏன்' எழுந்தாள். அந்தக் கேள்வியை இன்னொருவர் கேட்டுவிட்ட பொறாமை முகத்தில் தெரிந்தது. "டிராப்பரும் தாத்தா கழுவினதுதானே டீச்சர்? சொட்டே சோப்போட வருதோ என்னவோ."

முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு டிராப்பர் வந்தது. அதே நாணயம், அதே வாளித் தண்ணீர், அதே பையன். இந்தமுறை வகுப்பு சேர்ந்து எண்ணியது. இருபதில் குரல் தணிந்தது. இருபத்தைந்தில் உதடு மட்டும் அசைந்தது. முப்பதாவது சொட்டு மேட்டின் மேல் உட்கார்ந்து, உள்ளே கரைந்து, மேடு இன்னும் கொஞ்சம் உப்பி நின்றது. முப்பத்தொன்றில் வழிந்தபோது, ஒரு பந்தயக் குதிரை ஜெயித்த சத்தம் வந்தது. தலைமையாசிரியை அம்மா அதை அடக்க வாயெடுத்தார், ஆனால் அவரும் உள்ளே மூன்றடி வந்திருந்தார்.

"இப்ப ஊசி" என்றான் யாரோ. "நல்ல கிளாஸ் வேணும். பெரிய டீச்சர் ரூம்ல ஒண்ணு இருக்கு!"

"அதுல நான் தண்ணி குடிக்கிறேன்டா."

"கழுவிக் குடுத்துடறோம் டீச்சர்."

"யாரு கழுவறது?" என்றவர், சட்டென்று என்னைப் பார்த்து, "இவரு கையால தொடக் கூடாது!" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அந்த அம்மாவும் என்னை நம்பிவிட்டார்.

அவர் குவளை வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்தே, முள்ளெடுக்க வைத்திருந்த ஒரு புது ஊசியும் வந்தது. காகிதம் இறங்கியது. ஊசி இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதைக் காட்ட அவள் பிள்ளைகளை வரிசை வரிசையாக நிற்கவைத்து, முன்னே பின்னே பக்கத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எல்லோரும் தண்ணீர். "முன்வரிசைக்கு முன்னாடி யாருமில்ல. அப்ப அவங்க என்ன பண்ணுவாங்க? பக்கத்துல இருக்கறவங்களையும் பின்னாடி இருக்கறவங்களையும் இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. அதுதான் தண்ணியோட தோல்." பிறகு, "அப்பா, இங்க வாங்க. நீங்க சோப்பு" என்றாள். நான் போனேன். முன்வரிசையில் பிடித்திருந்த இரண்டு கைகளுக்கு நடுவில் புகுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. புகுந்தேன். கைகள் விட்டன. என்னைச் சுற்றி வரிசையே தளர்ந்து தள்ளாடியது. "பாத்தீங்களா, ஒரு சோப்பு வந்தா போதும்" என்றாள் அவள், என் தோளில் கை வைத்தபடி. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் ஓய்வு பெற்ற வயதில் கிடைத்த வேடம் என்று நெஞ்சை நிமிர்த்தியே நின்றேன். தன் தகப்பனை நிற்கவைத்துப் பாடம் நடத்த எத்தனை பேர் பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

கடைசி பெஞ்சில் ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். "நீங்க எந்தப் பள்ளிக்கூடத்து லேப்ல இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். ஊரில் பாதிப் பேர் படித்த இடம்தான்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் அங்கதான் படிச்சேன்" என்றார். "எங்க பௌதிக வாத்தியார் வருஷா வருஷம் ஊசிய மிதக்க விடுவார். அது முழுகிடும். ஊசி கனம்னு சொல்லி வேற ஊசி வாங்குவார், அதுவும் முழுகும். கடைசில, ஊசி மிதக்கும்னு எழுதிக்கோங்கடான்னு சொல்லிட்டார். நானும் பரீட்சைல எழுதினேன். முழு மார்க்கு. இத்தனை வருஷத்துல ஒரு தடவ நான் பாத்ததில்ல."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம், வருஷத்துக்கு நூற்றிருபது பையன்கள். அந்த வாத்தியார் என்னிடம், "என்னமா பளபளன்னு வச்சிருக்கய்யா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். நல்ல மனுஷன். இப்போது அவர் இல்லை என்பதில் அன்றைக்கு முதல்முறையாக எனக்கு ஓர் ஆறுதல் ஏற்பட்டது.

"மன்னிச்சுக்கணும் சார்" என்றேன்.

"பிள்ளைங்க எல்லாக் கிளாஸையும் மறுபடி அலசப் போறாங்க சார்" என்றாள் என் மகள். "சோப்பு போயிடுச்சான்னு கண்ணால தெரியாது. நிரப்பிப் பாத்தா தண்ணியே சொல்லும். விளிம்புக்கு மேல எழும்பி நின்னா சுத்தம்." அவள் ஒரு குவளையை அவரிடம் நீட்டினாள். "உங்களுக்கும் ஒண்ணு."

வராந்தாவில் ஒரே ஒரு குழாய்தான். அங்கே வரிசை நின்றது. ஆய்வாளர் நோட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார். என்னை மட்டும் யாரும் குழாய்ப் பக்கம் விடவில்லை. தலைமையாசிரியை அம்மா எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் காவலும் இருந்தார். "உங்க பொண்ணு நல்லாத்தான் நடத்துறா" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். அதனால் அதை அவர் சொன்னதாகவே இருக்க விட்டேன்.

ஆய்வாளர் முறை வந்தது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு அலசினார். 'ஏன்' பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு தடவ சார்" என்றாள். அவர் இன்னும் இரண்டு தடவை அலசினார். நிரப்பி, வராந்தாச் சுவரின் மேல் வைத்தார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி எழும்பி நின்றது. வரிசையிலிருந்தவர்கள் எல்லோரும் வரிசையை மறந்து சுற்றிக்கொண்டார்கள். என் மகள் ஊசியையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள், உதவி செய்யவில்லை.

காகிதம் ஓரத்திலிருந்து நனைந்தது, நடுவில் நனைந்தது, ஒரு பக்கமாகச் சரிந்து மெதுவாகக் கீழே போயிற்று. ஊசி போகவில்லை. அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் லேசாகக் குழிந்து, மெத்தையில் ஓர் ஆள் படுத்தது போல, அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் விரல்களை எடுத்த இடத்திலேயே, காற்றில், இரண்டு கையையும் அப்படியே வைத்திருந்தார். முழங்கை வழியாகச் சொட்டிய தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.